மோட்டார் சைக்கிளில் மின்னணுப் பாதுகாப்பு வசதிகள்: எவற்றுக்குப் பணம் கொடுக்கலாம்?

சாலையில் ஓட்டுவதற்காகப் புதிய மோட்டார் சைக்கிள் வாங்க நினைக்கும் ஒருவர், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் அமைப்பு), டிராக்‌ஷன் கன்ட்ரோல், வளைவிலும் வேலை செய்யும் ஏபிஎஸ் என்று நீண்டுகொண்டே போகும் மின்னணு வசதிகள் கூடுதல் விலைக்குத் தகுதியானவைதானா என்று கேட்டிருக்கிறார். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு இவை எதுவும் தேவையில்லை என்று அனுபவம் மிக்க நண்பர்கள் சொல்வது சரியா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு என் பதில் இது: ஏபிஎஸ் இல்லாத வண்டியைச் சாலைக்கென்று வாங்காதீர்கள். அதற்கு அடுத்தபடியாக வரும் வசதிகள் ஒவ்வொன்றும் வண்டியின் எடை, எஞ்சினின் ஆற்றல், நீங்கள் ஓட்டும் வானிலை ஆகியவற்றைப் பொறுத்துப் பயன் தரும். ஆனால் ஏபிஎஸ்ஸுக்கும் அவற்றுக்கும் இடையே உள்ள இடைவெளி பெரியது. இரண்டாவது கேள்வியில் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் பலரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

காரில் சக்கரங்கள் சுழலாமல் 'லாக்' ஆகிவிட்டால் வண்டி திசை கட்டுப்பாட்டை இழந்து சறுக்கும், ஆனால் கவிழ்ந்துவிடாது. மோட்டார் சைக்கிளோ முன்சக்கரம் உருண்டுகொண்டும் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டும் இருப்பதால்தான் நிமிர்ந்து நிற்கிறது. முன்சக்கரம் லாக் ஆன கணத்தில் அந்த டயரால் பக்கவாட்டு விசையைத் தர முடியாமல் போகிறது. பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வண்டி தரையில் கிடக்கும். மறுபுறம், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து, பின்சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் நிலைக்கு வந்துவிடுவதால், வண்டியை நிறுத்தும் வேலையில் மிகப் பெரும் பங்கை முன்பிரேக்கே செய்தாக வேண்டும். ஆக, உயிரைக் காக்கக்கூடிய பிரேக்கும், தவறாகப் பிடித்தால் கீழே தள்ளிவிடும் பிரேக்கும் ஒன்றே. இந்த முரண்தான் சாலையில் நாம் காணும் பயத்துக்கு வேர். முன்பிரேக்கை முழுமையாகப் பயன்படுத்த அஞ்சும் ஓட்டுநர், பின்பிரேக்கை மிதித்துச் சறுக்கவிட்டு, முன்பிரேக்கை அரைகுறையாகப் பிடித்து, நின்றிருக்கக்கூடிய இடத்தில் நிற்காமல் போய் மோதுகிறார்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நிகழ்ந்த சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியான அறிக்கை இதைத்தான் பதிவு செய்தது: விபத்தில் சிக்கியவர்கள் பின்பிரேக்கை மிகையாகவும் முன்பிரேக்கைக் குறைவாகவும் பயன்படுத்தியிருந்தார்கள், ஆபத்தை உணர்ந்தது முதல் மோதல் வரை அவர்களுக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிக்கும் சற்றுக் குறைவு. அந்த நேரத்துக்குள் யோசித்து, அளந்து, டயரின் பிடிமான எல்லைக்கு ஒரு நூல் கீழே பிரேக்கைப் பிடித்து வைத்திருப்பது என்பது மனிதக் கையிடம் எதிர்பார்க்கக்கூடிய செயல் அல்ல.

அரைகுறையாகப் பிடிப்பதன் விலை என்ன என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 100 கிமீ வேகத்தில் வரும் வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 மடங்கு அளவுக்கு வேகம் தணிந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 44 மீட்டரில் நின்றுவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர்களுடன் இது எட்டக்கூடிய அளவுதான். அதே வேகத்தில் வரும் இன்னொருவர் பயத்தால் 0.6 மடங்கு அளவுக்கே பிரேக் பிடித்தால் அவருக்கு 65 மீட்டருக்கும் மேல் தேவைப்படும். இதைவிட முக்கியமானது, முதலாமவர் நின்றுவிட்ட அதே 44ஆவது மீட்டரில் இரண்டாமவர் இன்னும் மணிக்கு 58 கிமீ வேகத்தில் போய்க்கொண்டிருப்பார் என்பதே. இருவரும் ஒரே கணத்தில் பிரேக்கைத் தொட்டவர்கள்; வேறுபாடு கைப்பிடியின் துணிச்சலில் மட்டுமே இருக்கிறது. ஏபிஎஸ் அந்தத் துணிச்சலைத்தான் தருகிறது. பிரேக் தூரத்தைக் குறைக்கும் கருவி என்று அதை விளம்பரங்கள் சொல்வதைவிட, முழு பலத்தையும் பயன்படுத்த ஓட்டுநருக்கு அனுமதி தரும் கருவி என்று புரிந்துகொள்வது சரியாக இருக்கும்.

இப்போது நண்பர்களின் வாதத்துக்கு வருவோம். நன்கு தேர்ந்த ஓட்டுநர் ஒருவர், உலர்ந்த, சீரான, தமக்குப் பழக்கமான தளத்தில், இந்த இடத்தில் பிரேக் பிடிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்த நிலையில், ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு நிகராகவோ சில வேளைகளில் அதைவிடக் குறைந்த தூரத்திலோ நிறுத்திவிடலாம். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் எத்தனை நிபந்தனைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சாலையில் குறுக்கே வரும் கார் முன்னறிவிப்புத் தருவதில்லை. பிரேக் பிடிக்கும் அந்த 40 மீட்டருக்குள் ஈரமான வெள்ளைக்கோடோ, இரும்பு மூடியோ, சிந்திய டீசலோ, சிறிது மணலோ இருக்கலாம். அந்தந்த இடத்தில் பிடிமானம் எவ்வளவு என்பது சக்கரம் அதன்மேல் ஏறிய பிறகே தெரியவரும். சக்கரம் வழுக்கத் தொடங்கியதை உணர்ந்து விரலைத் தளர்த்த மனிதருக்கு ஆகும் நேரத்துக்குள் ஏபிஎஸ் பலமுறை பிரேக் அழுத்தத்தைக் குறைத்துக் கூட்டி முடித்திருக்கும். திறமை என்பது இந்தப் போட்டியில் மனிதருக்குச் சாதகமான பொருளே அல்ல. தேர்ந்த ஓட்டுநரின் உண்மையான திறமை அந்த நிலைக்கே போகாமல் இருப்பதில் வெளிப்படும். போன பிறகு, எல்லோருக்கும் அதே இரண்டு நொடிதான்.

'மோதுவதைவிட வண்டியைச் சாய்த்துவிட்டுச் சறுக்கிப் போய்விடுவது மேல்' என்ற பழைய அறிவுரையும் இந்த வாதத்தோடு சேர்ந்தே வருகிறது. அதை இங்கேயே ஒதுக்கிவிடலாம். உலோகமும் பிளாஸ்டிக்கும் சாலையில் உரசித் தரும் தடை, நல்ல டயர்கள் பிரேக்கின் கீழ் தரும் தடையைவிடக் குறைவு. சறுக்கும் வண்டி அதிக வேகத்தோடுதான் போய் மோதும்; ஓட்டுநர் அதன் பின்னாலேயே போவார்.

ஏபிஎஸ் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு சக்கரத்திலும் பொருத்தப்பட்ட துளை வளையத்தை ஒரு சென்சார் கவனித்து, சக்கரம் சுழலும் வேகத்தைத் தொடர்ந்து அறிவிக்கிறது. வண்டியின் வேகம் குறைவதைவிடச் சக்கரத்தின் வேகம் திடீரென்று அதிகமாகக் குறைந்தால் லாக் ஆகப்போகிறது என்று பொருள். உடனே ஒரு வால்வு பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தணிக்கிறது, சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் அழுத்தம் திரும்புகிறது. 1988இல் பிஎம்டபிள்யூ கே100 வரிசையில் மின்னணு ஏபிஎஸ்ஸை முதன்முதலாக மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தபோது அந்த அமைப்பின் எடை ஏறக்குறைய 11 கிலோ. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து பாஷ் நிறுவனம் மோட்டார் சைக்கிளுக்கென்றே வடிவமைத்த ஒன்பதாம் தலைமுறைக் கருவி 700 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏபிஎஸ் பற்றி இன்றும் காதில் விழும் பல குறைகள், கைப்பிடி அதிர்கிறது, பிரேக் சில கணங்கள் விட்டுப்போகிறது என்பன போன்றவை, இந்த இரு காலங்களுக்கும் நடுவில் பிறந்தவை. 2001இல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த மின்மோட்டார் உதவியுடன் இயங்கும் பிரேக் அமைப்பில், மின்உதவி அற்றுப்போனால் எஞ்சும் பிரேக் மிகவும் வலுக்குறைந்தது என்ற புகார் நியாயமானதே. அந்த அமைப்பு சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இன்றைய வண்டிகளில் ஏபிஎஸ் பழுதானால் வழக்கமான பிரேக் அப்படியே இருக்கும்.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்படவில்லை. ஒரே மாடலை ஏபிஎஸ்ஸுடனும் இல்லாமலும் விற்றார்கள். இதனால் அந்நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவகத்தால் ஒரே மாடலின் இரு வடிவங்களையும் ஒப்பிட முடிந்தது. அதன் அண்மைய கணக்கின்படி, ஏபிஎஸ் உள்ள வண்டிகள் உயிரிழப்பு விபத்துகளில் சிக்கிய விகிதம் 22 சதவீதம் குறைவு. அதன் முந்தைய ஆய்வுகளில் 30 சதவீதத்துக்கும் மேல் வந்திருந்தது. இதற்கு உடனே எழும் மறுப்பு, ஏபிஎஸ்ஸுக்கு விரும்பிப் பணம் கொடுப்பவர் இயல்பிலேயே கவனமானவராக இருக்கலாம் என்பது. நியாயமான மறுப்பு. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை வேறு வழியில் அணுகினார்கள்: நேருக்கு நேர் மோதல்களில் ஏபிஎஸ்ஸால் பெரிய வேறுபாடு வராது என்று கொண்டு, அவ்வகை விபத்துகளை அளவுகோலாக வைத்து மற்ற விபத்துகள் எவ்வளவு குறைந்துள்ளன என்று கணக்கிட்டார்கள். இத்தாலி, ஸ்பெயின், சுவீடன் ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளை வைத்து 2015இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், காயம் ஏற்படுத்திய விபத்துகள் முறையே 24, 29, 34 சதவீதம் குறைந்திருந்தன. இருவேறு முறைகள், வெவ்வேறு நாடுகள், ஏறக்குறைய ஒரே திசை. ஒரு தலைக்கவசத்தைத் தவிர, இந்த அளவுக்குச் சான்று கொண்ட வேறு பொருள் எதையும் மோட்டார் சைக்கிள் கடையில் உங்களால் வாங்க முடியாது.

பாதுகாப்புக் கூடினால் மனிதர்கள் அதற்கேற்ப அதிக ஆபத்தை ஏற்கிறார்கள் என்ற வாதமும் உண்டு. 1980களில் மியூனிக் நகர டாக்சிகளில் நடந்த ஆய்வில், ஏபிஎஸ் பொருத்தப்பட்ட டாக்சிகள் மற்றவற்றைவிடக் குறைவாக விபத்தில் சிக்கவில்லை. அவற்றின் ஓட்டுநர்கள் இன்னும் கடுமையாக ஓட்டப் பழகிவிட்டார்கள். இது மனித இயல்பு பற்றிய முக்கியமான எச்சரிக்கைதான். ஆனால் அது கார். ஏபிஎஸ் இல்லாமலும் கார் கவிழ்வதில்லை என்பதால் அங்கே ஏபிஎஸ்ஸின் பயனே சிறியது, பழக்க மாற்றம் அதை எளிதில் விழுங்கிவிட்டது. இரு சக்கரத்தில் பயன் பெரியது. மேலே சொன்ன எண்கள் ஓட்டுநர்களின் பழக்க மாற்றத்தையும் உள்ளடக்கி வந்தவையே. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் புதிய மாடல்களுக்கும் 2017இல் விற்பனையாகும் எல்லாப் புதிய வண்டிகளுக்கும், 125 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் இருந்தால், ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியதும், ஜப்பான், இந்தியா முதலிய நாடுகள் பின்தொடர்ந்ததும் இத்தகைய சான்றுகளின் வலுவால்தான். 125 சிசிக்கு உட்பட்ட வண்டிகளில் பல சட்டங்கள் ஏற்றுக்கொள்ளும் இணைப்பு பிரேக் முறையை ஏபிஎஸ்ஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து தரும். சக்கரம் லாக் ஆவதைத் தடுக்காது. முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் உள்ள வண்டியை, பணம் போதாவிட்டால், தயங்காமல் வாங்கலாம்.

ஏபிஎஸ்ஸுக்கும் எல்லைகள் உண்டு. தளர்ந்த சரளையில், லாக் ஆன சக்கரம் தனக்கு முன்னால் கற்களைக் குவித்துத் தடையை உண்டாக்கும். உருண்டுகொண்டே இருக்கும் சக்கரத்துக்கு அந்த உதவி கிடையாது. ஆகவே மண்பாதையில், குறிப்பாக இறக்கத்தில், பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதி உள்ள வண்டிகள் அதைப் பொழுதுபோக்குக்காகத் தரவில்லை. சாலை வண்டி வாங்குபவருக்கு இது பெரும்பாலும் பொருட்டல்ல.

சாலை ஓட்டுநருக்குப் பொருட்டாகும் எல்லை வளைவில் இருக்கிறது. டயரின் பிடிமானம் ஒன்றுதான். திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதையே பங்கிட வேண்டும். 30 டிகிரி சாய்ந்து வளைவில் போகும்போது திரும்புவதற்கு மட்டும் புவியீர்ப்பில் ஏறக்குறைய 0.58 மடங்கு விசை செலவாகிறது. உலர்ந்த சாலையில் மொத்தப் பிடிமானம் 1.0 என்று கொண்டால் பிரேக்குக்கு இன்னும் 0.8 மீதமிருக்கும், இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால், கூட்டிக் கழிக்காமல் செங்கோண முக்கோணக் கணக்காகப் போட வேண்டும்; அதனால்தான் மீதி இவ்வளவு தாராளமாக இருக்கிறது. அதே சாய்வில் மழைநீர் மொத்தப் பிடிமானத்தை 0.6 ஆகக் குறைத்துவிட்டால் எஞ்சுவது 0.16 மட்டுமே. சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. நேராகப் போகும் வண்டியின் கணக்கை வைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிய பிறகு, வழுக்கலைக் கண்டு இறக்க முயலும். அதற்குள் காலம் கடந்திருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சாய்ந்த நிலையில் முன்டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டியரிங்கின் நடுத்தளத்திலிருந்து விலகி இருப்பதால், பிரேக் பிடித்ததும் ஹேண்டில்பார் உட்புறமாகத் திரும்ப, வண்டி நிமிர்ந்து வளைவின் வெளிப்புறத்துக்கு, அதாவது எதிரே வரும் வாகனத்தை நோக்கிக்கூட, போய்விடுகிறது.

பாஷ் 2013இன் பிற்பகுதியில் கேடிஎம் 1190 அட்வென்ச்சர் வண்டியில் அறிமுகப்படுத்திய அமைப்பு இந்த இரண்டுக்கும் விடை தேடியது. சாய்வையும் முடுக்கத்தையும் நொடிக்கு நூறு முறை என்ற அளவில் அளக்கும் சென்சார் தரும் தகவலை வைத்து, எவ்வளவு சாய்ந்திருக்கிறோமோ அவ்வளவு மெதுவாக முன்பிரேக்கின் அழுத்தத்தை ஏற்றவிட்டு, தேவையானால் பின்பிரேக்கையும் துணைக்கு அழைக்கிறது. கனமான, வேகமான வண்டியில், மலைச்சாலைகளிலோ மழையிலோ அடிக்கடி ஓட்டுபவருக்கு இந்தக் கூடுதல் செலவு தகும் என்பது என் கருத்து. ஏனெனில் வளைவின் நடுவே அதிர்ந்துபோய்ப் பிரேக்கைப் பற்றிவிடுவது, எவ்வளவு பயிற்சி பெற்றவரையும் விடாத உள்ளுணர்வு. ஆனால் இயற்பியலை இது மீறாது. 45 டிகிரி சாய்வில் உலர்ந்த சாலையின் பிடிமானம் முழுவதும் திரும்புவதற்கே போய்விடும். அங்கே எந்தக் கருவியாலும் இல்லாத பிடிமானத்தைக் கொண்டுவந்து தர முடியாது. நகருக்குள் ஓடும் இலகுவான சிறிய வண்டிக்கு இந்த வசதி இல்லையென்று ஏங்க வேண்டாம்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல், பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுழலத் தொடங்கினால் எஞ்சினின் விசையைக் குறைக்கிறது. ஹோண்டா எஸ்டி1100 வண்டியில் 1992லேயே இது ஏபிஎஸ்ஸுடன் வந்துவிட்டது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிகையாகத் திருகி, பின்சக்கரம் வழுக்கி, பயந்து ஆக்சிலரேட்டரை மூடியதும் பிடிமானம் திடீரென்று திரும்பி, வண்டி எதிர்ப்பக்கம் உதறி ஓட்டுநரைத் தூக்கி எறியும் விபத்து, மோட்டார் சைக்கிளில் நிகழும் மிகக் கொடிய வகைகளில் ஒன்று. 100 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினில், ஈரத்தில், குளிர்ந்த டயர்களுடன், இது நடக்க அதிகம் தேவையில்லை. ஆகவே அத்தகைய வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேண்டும் என்றே சொல்வேன். 20 குதிரைத்திறன் வண்டியிலோ, உலர்ந்த சாலையில் பின்சக்கரத்தைச் சுழலவைக்க ஓட்டுநர் மெனக்கெட வேண்டியிருக்கும். அங்கே அது விற்பனைத் தாளில் ஒரு வரி கூட்டுவதற்கே உதவும். எவ்வளவு ஆற்றல் மிக்க வண்டியிலும் அது முன்சக்கரம் வழுக்குவதைத் தடுக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முன்சக்கரம் மேலெழுவதைத் தடுக்கும் வசதி, எஞ்சின் பிரேக் கட்டுப்பாடு, வண்ணத் திரையில் தெரியும் ஓட்டும் முறைகள் ஆகியவற்றை டிராக்‌ஷன் கன்ட்ரோலோடு சேர்ந்து வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். தனியே பணம் கொடுக்க வேண்டாம். மழைக்கென்று ஒதுக்கிய, விசையை மென்மையாக்கும் ஓட்டும் முறை மட்டும் விதிவிலக்கு. யாரும் பெருமையாகப் பேசாத டயர் அழுத்த சென்சாரை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். காற்றுக் குறைந்த டயரில் மேலே சொன்ன எந்தக் கருவியின் கணக்கும் சரியாக வராது.

2020இன் இறுதியில் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 வண்டியோடு முன்னும் பின்னும் ரேடார் வந்தது. முன்னால் போகும் வாகனத்துக்கேற்ப வேகத்தைச் சரிசெய்வதும், பக்கவாட்டில் மறைந்து வரும் வாகனத்தைக் கண்ணாடியில் ஒளிகாட்டி எச்சரிப்பதும் அதன் வேலை. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் களைப்பைக் குறைக்கும், சரி. ஆனால் காரைப்போலத் தானாகவே பலமாகப் பிரேக் பிடித்து நிறுத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கைகள் தளர்ந்திருக்கும் வேளையில் வண்டி தானாக முழு பிரேக் பிடித்தால் ஓட்டுநர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவார். அவர் உட்கார்ந்திருக்கும் நிலையே அந்த அமைப்பின் தடை.

உயர்நிலை வசதிகளுக்காக ஒதுக்கிய பணத்தில் மீதம் இருந்தால், அதை வண்டியில் போடாமல் உடலில் போடுங்கள். ஹோண்டா 2006இலேயே கோல்ட் விங் வண்டியில் ஏர்பேக் பொருத்தியது, ஆனால் அது பரவவில்லை. பரவியது மேலங்கிக்குள் இருக்கும் ஏர்பேக். விழுவதை உணர்ந்ததும் நொடியின் சிறு பகுதிக்குள் விரிந்து மார்பையும் முதுகையும் கழுத்தோரத்தையும் காக்கும் இவற்றை, மோட்டோஜிபி பந்தயங்களில் 2018 முதல் கட்டாயமாக்கினார்கள். வண்டியை விற்றாலும் அங்கி உங்களிடமே இருக்கும். கால்களுக்கு இதனால் பயனில்லை.

ஏபிஎஸ் உள்ள வண்டியை வாங்கியவர்களில் பலர் அதை ஒருமுறைகூட வேலை செய்யவைத்துப் பார்த்ததில்லை. ஆபத்தில்தான் முதன்முதலாக அந்த அதிர்வை உணர்கிறார்கள். உணர்ந்ததும் பயந்து பிரேக்கை விட்டுவிடுகிறார்கள். ஆளற்ற, சுத்தமான, நேரான தளத்தில், மணிக்கு 40 கிமீ வேகத்திலிருந்து தொடங்கி, முன்பிரேக்கைத் திடீரென்று பறிக்காமல், ஆனால் விரைவாகவும் தொடர்ந்து கூட்டிக்கொண்டும் அழுத்தி, ஏபிஎஸ் விழித்துக்கொண்ட பின்னும் விடாமல் பிடித்திருக்கப் பழகுங்கள். முதல் அழுத்தம் சற்றே மென்மையாக இருக்க வேண்டியது, பாரம் முன்டயருக்கு வந்து சேர ஒரு கணம் கொடுப்பதற்காக.

பராமரிப்பில் கேட்பது அதிகமில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் ஏபிஎஸ் கருவியின் நுண்ணிய வால்வுகளை அரிக்கத் தொடங்கினால், எண்ணெய் மாற்றுவதற்கு ஆகும் செலவைப்போலப் பல மடங்கு பழுதுக்கு ஆகும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வதுபோல இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகரத் தொடங்கிச் சற்று தூரம் போனதும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பழுது இருக்கிறது, விலை பேசலாம். சாவியைத் திருப்பும்போதே எரியவில்லை என்றால், பழுதை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்க வாய்ப்புண்டு. அந்த வண்டியை விட்டு விலகிவிடுவது நல்லது.